மாலும் மயக்கமும்

'மால்' என்ற சொல்லுக்கு நம் நிகண்டுகளில் பொருள் பல உண்டு. அது திருமாலின் திருநாமம். பெருமைக்கும் அது பெயர். மயக்கத்துக்கும் அதுவே பெயர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில், "மாலுக்குப் போகலாம், அப்பா!" என்று நம் வீட்டுக் குழந்தைகள் சட்டையைப் பிடித்து இழுக்கிறபோது, அவர்கள் திருமால் சந்நிதியை நினைத்து இழுக்கவில்லை என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் சொல்லும் மால் பளிங்குத் தரையும், குளிர்ந்த காற்றும், தானே நகரும் படிக்கட்டும், நூறு கடைகளும் கொண்ட மாளிகை. மூன்றாவது பொருளாகிய மயக்கம் மட்டும் அதற்கும் நன்றாகப் பொருந்துகிறது!

ஆங்கிலத்தில் இந்தச் சொல் வந்த வழி வேறு. முற்காலத்தில் ஐரோப்பாவில் கனவான்கள் ஒரு மரப்பந்தைக் கொட்டாப்புளியால் அடித்து விளையாடினார்கள். அந்த ஆட்டத்துக்கென்று ஏற்பட்ட நீண்ட பாதைக்கே லண்டனில் 'மால்' என்று பெயர் வந்தது. பிற்காலத்தில் ஆட்டம் போயிற்று. மரநிழலும் பாதையும் நின்றன. மக்கள் காலார உலாவும் நடைபாதைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. ஆகவே காசு செலவில்லாமல் உலாவும் இடத்துக்கு ஏற்பட்ட பெயரைத்தான், உலாவினால் பணப்பை இளைத்துப் போகும் இடத்துக்கு இன்று வழங்குகிறோம். சொற்களுக்கும் கிரகசாரம் உண்டு போலும்.

இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதை அறிய, அமெரிக்காவில் மின்னஸோட்டா ராஜ்யத்திலே மினியாபொலிஸ் நகரத்துக்கு வெளியே உள்ள ஈடைனா என்னும் புறநகரில், 1956-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சௌத்டேல் என்னும் அங்காடியின் கதையைப் பார்க்க வேண்டும். நான்கு புறமும் மூடி, மேலே கூரையிட்டு, உள்ளே தட்பவெப்பத்தைக் கட்டுப்படுத்தி அந்நாட்டில் எழுந்த முதல் புறநகர் அங்காடி அதுவே. பின்னால் உலகெங்கும் முளைத்த மால்களுக்கெல்லாம் அதுதான் மூத்தாள். அதைக் கட்டியவர் ஒரு நல்ல எண்ணத்தோடு கட்டினார். அந்த எண்ணம் என்ன ஆயிற்று என்பதே நம் கதை.

எட்டு டாலரோடு வந்தவர்

அவர் பெயர் விக்டர் க்ரூயன். 1903-இல் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் க்ரூன்பாம். அவர் பகலில் கட்டடக் கலையில் உழைத்தார். இரவில் அரசியல் நையாண்டி நாடகங்களில் நடித்தார். இந்த இரண்டாவது தொழில், ஹிட்லருக்குப் பிடிக்கக்கூடிய தொழில் அல்லவென்று சொல்ல வேண்டியதில்லை. 1938-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெர்மானியப் படைகள் வியன்னாவுக்குள் புகுந்தன. யூதரும் நையாண்டிக்காரரும் ஆகிய ஒருவர் அதன் பிறகு அந்த ஊரில் இருப்பது உயிரோடு விளையாடுவதாகும். அவருடைய நண்பர் ஒருவர் நாஜிப் படைவீரனைப்போல் உடுப்பணிந்து, க்ரூயனையும் அவர் மனைவியையும் மோட்டாரில் ஏற்றி விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். நாடகத்தில் போட்ட வேஷம் பிழைப்பைத்தான் தந்தது. அன்று போட்ட வேஷமோ பிராணனையே தந்தது.

ஸ்விட்ஸர்லாந்தும் இங்கிலாந்தும் கடந்து க்ரூயன் நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்கினார். அப்போது அவரிடம் இருந்தவை ஒரு கட்டடக் கலைப் பட்டமும், எட்டு டாலரும்தான். ஆங்கிலம் தெரியாது. ஆயினும் மறு ஆண்டே, அந்நகரின் புகழ்பெற்ற ஐந்தாவது வீதியில், தோல் சாமான் விற்கும் வியன்னா வியாபாரி ஒருவருக்காக அவர் ஒரு சிறு கடையை அமைத்தார். மற்றக் கடைகள் வீதியை ஒட்டிக் கண்ணாடியை நிறுத்தின. க்ரூயனோ கடை வாசலை உள்வாங்கி, ஒரு குட்டி மண்டபம் போலச் செய்து, அதன் இரு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகளில் சாமான்களை வைத்தார். வழியே போகிறவர் வேடிக்கை பார்க்க ஓரடி உள்ளே வைப்பார். பிறகு இன்னோர் அடி. அப்புறம் கடைக்குள்ளேயே நிற்பார்!

ஏதோ ஒரு பொருளை வாங்கப் போனவர், போன காரியத்தை மறந்து, கண்டதையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிகிற நிலைக்கு இன்று வியாபாரப் பண்டிதர்கள் க்ரூயனின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நூல் கண்டு வாங்கப் போய்ப் புடவையோடு திரும்புகிற நம் வீட்டாரும் இந்த நோய்க்கு ஆளானவர்களே. ஆனால் அந்தப் பெயர் க்ரூயனுக்கு நியாயம் செய்வதன்று. வாடிக்கைக்காரர்களை மயக்கி ஏமாற்றுவது தம் நோக்கமல்லவென்று அவர் மறுத்தார்.

சதுக்கத்தைத் தேடியவர்

அவருடைய நோக்கம் வேறு. வியன்னாவிலே அவர் வளர்ந்த ஊர்ப்புறத்தில் சதுக்கங்கள் இருந்தன. காப்பிக் கடைகள் இருந்தன. வேலை இல்லாதவனும் ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு உலக விவகாரங்களைப் பேச இடம் இருந்தது. அமெரிக்காவிலோ, இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின், நடுத்தரக் குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறி, வயல்வெளிகளில் புதிதாக எழுந்த தனி வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. சர்க்கார் உத்தரவாதம் அளித்த வீட்டுக் கடன்கள் அதற்கு உதவின. வீடு இருந்தது, தோட்டம் இருந்தது, மோட்டார் இருந்தது. மனிதர் மனிதரைச் சந்திக்கும் இடந்தான் இல்லை. கடைகளெல்லாம் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வரிசையாக, விளம்பரப் பலகைகளைச் சுமந்துகொண்டு நின்றன. ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போவதற்கும் மோட்டாரில் ஏற வேண்டும்.

தாய்மார்கள் நாள் முழுவதும் வீட்டிலும் வண்டியிலுமாக அடைபட்டுக் கிடப்பதைக் க்ரூயன் கண்டார். இந்தப் புறநகருக்கு ஒரு நடுக்கூடம் வேண்டும், ஓர் ஊர்ச் சதுக்கம் வேண்டும் என்று எண்ணினார். ஆனால் அதைக் கட்டப் பணம் போடுகிறவர் யார்? ஊராட்சியா? இல்லை. வியாபாரிதான் போடுவார். ஆகவே வியாபாரியிடம் போனார். இந்த இடத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நேர்ந்த எல்லாவற்றுக்கும் இதுவே வித்து.

முதலில் டிட்ராய்ட் நகரின் ஹட்ஸன் கம்பெனிக்காக, அந்நகரை அடுத்த ஸௌத்பீல்டில், நார்த்லாந்து என்ற அங்காடியை அமைத்தார். அது 1954-இல் திறக்கப்பட்டது. நடுவே ஹட்ஸனின் பெரிய கடை. அதைச் சூழ்ந்து சிறு கடைகள். இடையிலே பூச்செடிகளும் சிற்பங்களும் உள்ள திறந்த முற்றங்கள். வண்டிகள் வெளியே நிற்க வேண்டும்; உள்ளே மனிதர்கள் மட்டுமே நடக்கலாம். வியாபாரம் அமோகமாக நடந்தது. மினியாபொலிஸில் பரம்பரையாக வாணிபம் செய்த டேட்டன் குடும்பத்தாரும் க்ரூயனை நாடினார்கள்.

கூரைக்குள்ளே ஒரு வசந்தம்

மினியாபொலிஸின் சீதோஷ்ணம் நம்மவர்களால் எளிதில் கற்பனை செய்யக்கூடியதன்று. குளிர் காலத்தில் ஏரிகள் உறைந்து அவற்றின் மேல் மனிதர்கள் நடப்பார்கள். கோடையிலோ வியர்த்துக் கொட்டும். கடைவீதியில் சுகமாக நடக்கக்கூடிய நாட்கள் ஆண்டில் 126 மட்டுமே என்று கணக்கெடுத்திருந்தார்கள். 365-இல் 126 போனால் மீதி 239 நாள். அந்த 239 நாளும் வாடிக்கைக்காரர் வீட்டிலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தால் வியாபாரி என்ன செய்வான்?

க்ரூயன் ஓர் உபாயம் சொன்னார். இத்தாலியில் மிலான் நகரத்தில் கண்ணாடிக் கூரை வேய்ந்த புகழ்பெற்ற அங்காடி வீதி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அதைப்போல் முற்றத்துக்கே கூரை போட்டுவிட்டால் என்ன? 1952-இல் திட்டம் வெளியாயிற்று. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி சௌத்டேல் திறக்கப்பட்டது. செலவு 2 கோடி டாலர். கடைகள் 72. சுற்றிலும் 5,200 மோட்டார்கள் நிற்க இடம். நடுவிலே உள்ள பெருங்கூடத்துக்கு 'நித்திய வசந்தத் தோட்டம்' என்று பெயரிட்டார்கள். அதில் மீன் குளம்; 21 அடி உயரமுள்ள கூண்டிலே பல வர்ணப் பறவைகள்; மேல் மாடங்களிலிருந்து தொங்கும் கொடிகள்; ஹாரி பெர்ட்டோயா என்னும் சிற்பி உலோகத்தால் சமைத்த மரங்கள்; நடைபாதை ஓரத்தில் போடுவதுபோல் நாற்காலி போட்ட காப்பிக் கடை. வெளியே பனி கொட்டும். உள்ளே பறவை பாடும். மக்கள் திரள் திரளாக வந்து பார்த்து வாய் பிளந்து நின்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கட்டட அமைப்பிலும் சில நுட்பங்கள் உண்டு. அங்காடியை ஒரே தளத்தில் பரப்பினால் நடந்து கால் ஓயும் என்று க்ரூயன் இரண்டு தளமாக அமைத்தார். ஆனால் மாடிக் கடைக்கு யார் ஏறி வருவார்கள்? அதற்காகவே வண்டி நிறுத்தும் இடத்தையும் மேலும் கீழுமாக அமைத்தார். சிலர் வண்டியை விட்டு இறங்கியதும் கீழ்த்தளத்தில் புகுவார்கள். சிலர் நேரே மேல்தளத்தில் புகுவார்கள். இடையே நகரும் படிக்கட்டுகள். ஆக, மாடிக் கடைக்காரருக்கும் குறையில்லை. இன்னொரு விசேஷம், டேட்டன் குடும்பத்தார் தங்களுக்குப் போட்டியான டொனால்ட்ஸன் கடையையும் அதே கூரையின் கீழ் சேர்த்துக்கொண்டார்கள். பகைவனை வீட்டுக்குள் விடலாமா என்று கேட்டால், இரண்டு பெரிய கடை இருந்தால் இரு மடங்கு கூட்டம் வரும். இரண்டுக்கும் இடையே நடக்கிற கூட்டத்தால் சிறு கடைகள் பிழைக்கும் என்பதே விடை. பிற்காலத்து மால்கள் பெரும்பாலும் இந்தச் சூத்திரத்தையே மனப்பாடம் செய்துகொண்டன.

கட்டடத்தின் வெளிச்சுவர்கள் மட்டும் மொட்டையாக நின்றன. பழைய கடைவீதி, வழிப்போக்கனைப் பார்த்து முகம் மலர்ந்து நிற்கும். சௌத்டேலோ உலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் முகத்தைத் தானே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வாண்டே அதைப் பார்க்க வந்த பிரபல கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் சிறிதும் மெச்சவில்லை. கிராமத்து வீதியின் குறைகள் இருக்கின்றன, அதன் அழகு இல்லை என்ற கருத்தில் கடுமையாகவே பேசினார். கிழவரின் வாய்க்குப் பயந்தவர்கள் அமெரிக்காவில் பலர். ஆனால் வியாபாரிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

எண்ணியதும் எழுந்ததும்

உண்மையில் க்ரூயன் வரைந்த படத்திலே அங்காடி ஒரு பகுதிதான். 460 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், அங்காடியைச் சுற்றி வீடுகள், அடுக்குக் குடியிருப்புகள், பள்ளிக்கூடங்கள், வைத்திய நிலையம், பூங்கா, ஓர் ஏரி இவ்வளவும் வர வேண்டும் என்று அவர் வகுத்திருந்தார். குடியிருப்பவர் காலையில் நடந்து பள்ளிக்குப் போவார். மாலையில் நடந்து அங்காடிக்கு வருவார். அதாவது, அங்காடி ஊரின் இருதயம். ஊர் அதன் உடல்.

நடந்தது என்ன? இருதயம் கட்டி முடிந்தது, உடலைக் காணோம்! அங்காடி வந்ததும் சுற்றியிருந்த நிலத்தின் விலை ஏறிற்று. விலை ஏறிய நிலத்தில் பள்ளிக்கூடம் கட்டுகிற வியாபாரி எந்த நாட்டிலும் அகப்படுவதில்லை. 1965-இல் அருகே ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்தது என்பது மெய்தான். ஆனால் க்ரூயன் வரைந்த ஊர் வரவில்லை. பூங்காவுக்கும் குடியிருப்புக்கும் பதிலாக, அங்காடியைச் சூழ்ந்து தார் போட்ட பெருவெளியில் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் வெயிலில் பளபளத்தன.

இதைக் குறித்து வியாபாரிகளை மட்டும் குறை கூறுவது முறையாகாது. சர்க்காரின் சட்டங்களும் ஒரு கை கொடுத்தன. வகுப்பிலே கணக்குப் போடுவதுபோல் ஒன்றைச் சொல்கிறோம். நேயர்கள் பொறுத்தருள வேண்டும். ஒருவர் 1 கோடி டாலரில் கட்டடம் கட்டுகிறார். அது 40 ஆண்டில் தேய்ந்துபோகும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2½ லட்சம் தேய்மானம். அந்தத் தொகையை வருமானத்தில் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டலாம். இது பழைய முறை. 1954-ஆம் ஆண்டு அமெரிக்கச் சர்க்கார், புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்கு முதல் ஆண்டுகளில் இரு மடங்கு விகிதத்தில் தேய்மானம் கழிக்கலாம் என்று சட்டம் செய்தது. 2½ லட்சம் 5 லட்சமாயிற்று. கட்டடம் லாபத்தில் நடந்தாலும், காகிதத்தில் நஷ்டம் காட்டலாம். அந்த நஷ்டத்தை மற்ற வருமானத்தோடு ஈடுகட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். பழைய கட்டடத்தை விலைக்கு வாங்குகிறவருக்கு இந்த முழுச் சலுகை இல்லை. விளைவு என்ன? நகரத்தின் நடுவே இருக்கும் பழைய கடைவீதியைச் செப்பனிடுவதைக் காட்டிலும், சோளக் கொல்லையில் புதிய மால் கட்டுவதே லாபம் என்று ஆயிற்று. ஜனத்தொகை பெருகாத ஊர்களிலும் மால்கள் பெருகின.

சௌத்டேல் திறந்த அதே 1956-இல் இன்னொரு சட்டமும் வந்தது. 41,000 மைல் நெடுஞ்சாலை போடுவதற்கான சட்டம் அது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மத்திய சர்க்காருடையது. சாலை வந்த இடமெல்லாம் புறநகர் வந்தது. புறநகர் வந்த இடமெல்லாம் மால் வந்தது.

தாயைத் தின்ற பிள்ளை

இதனால் பழைய நகரங்களுக்கு வந்த கதியை டிட்ராய்ட் நகரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 1950-இல் அங்கே வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 18½ லட்சம். 2020-இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் 6,39,111 பேர்தான். மோட்டார்த் தொழிலின் நலிவு, வெள்ளையருக்கும் நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கும் இடையே நின்ற சுவர், 1967-இல் நடந்த கலகம் எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கடைவீதி நகரை விட்டு வெளியேறியதும் அவற்றுள் ஒன்று. நார்த்லாந்தைக் கட்டிய அதே ஹட்ஸன் கம்பெனி, நகரின் நடுவே ஆகாயத்தை அளாவிய தன் பழைய தலைமைக் கடையை 1983-இல் மூடிற்று. பதினைந்து ஆண்டுகள் பாழாகக் கிடந்த அந்த மாளிகையை 1998-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிள்ளை தாயைத் தின்றது.

சரி, பிள்ளையாவது நீடூழி வாழ்ந்ததா? அதுவும் இல்லை. பணம் படைத்தவர்கள் இன்னும் தொலைவான புறநகர்களுக்குப் போனார்கள். அங்கே அதைவிடப் பெரிய மால்கள் எழுந்தன. 2015-இல் நார்த்லாந்தும் மூடப்பட்டது.

மினியாபொலிஸ் அவ்வளவு சீரழியவில்லை. அதன் ஜனத்தொகையும் 1950-இல் 5,21,718 ஆக இருந்து 1980-இல் 3,70,951 ஆகக் குறைந்ததுதான். ஆனால் அந்நகரத்தார் விழித்துக்கொண்டு, 1962 முதல் கட்டடங்களுக்கிடையே மூடிய மேல்பாலங்களை அமைத்தார்கள். 1967-இல் தங்கள் பழைய கடைவீதியையே மோட்டார்கள் புகாத நடைவீதியாக்கினார்கள். மாலிடமிருந்து பாடம் கற்றுக்கொண்டு மாலோடு போட்டியிட்டார்கள் என்று சொல்லலாம். ஜனத்தொகை மறுபடி ஏறி, 2020-இல் 4,29,954 ஆயிற்று. ஆயினும் அந்த வீதியில் டேட்டன் குடும்பத்தார் நூறாண்டுக்கு முன் நிறுவிய மூலக் கடை, கைமாறிப் பெயர் மாறி, 2017-இல் மூடப்பட்டது. டேட்டனும் ஹட்ஸனும் 1969-இல் ஒன்றாக இணைந்த கம்பெனிகள். டேட்டன் கம்பெனி 1962-இல் தொடங்கிய மலிவுக் கடைதான் டார்கெட். தாய்க் கம்பெனியே 2000-இல் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

வீதி யாருடையது?

கடை போனால் இன்னொரு கடை வரும். நம் மனத்தை அதைவிட உறுத்துவது வேறொன்று. க்ரூயன் கட்ட விரும்பியது ஊர்ச் சதுக்கம். சதுக்கத்தில் விற்பவன் மட்டுமா இருப்பான்? துண்டுப் பிரசுரம் கொடுப்பவன் இருப்பான். கையெழுத்து வாங்குபவன் இருப்பான். பெட்டியின் மேல் ஏறிப் பிரசங்கம் செய்பவன் இருப்பான். அவன் சொல்வது நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அவனும் இல்லாத சதுக்கம், சதுக்கம் ஆகுமா?

1968-இல் ஒரிகன் ராஜ்யத்துப் போர்ட்லண்ட் நகரில், லாயிட் ஸென்டர் என்னும் பெரிய மாலுக்குள், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துச் சிலர் துண்டுப் பிரசுரம் வழங்கினார்கள். காவலர்கள் அவர்களை வெளியேறச் சொன்னார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1972-இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பளித்தார்கள். மால் தனியார் சொத்து; பொதுவீதியில் உள்ள பேச்சுரிமை அதற்குள் இல்லை என்பது பெரும்பான்மையின் முடிவு. கலிபோர்னியாவிலே மட்டும், மால் ஒன்றில் கையெழுத்து வாங்கிய பள்ளி மாணவர்களுக்கு அந்த ராஜ்யத்தின் அரசியல் சட்டம் உரிமை தருகிறது என்று தீர்ப்பாயிற்று. உச்ச நீதிமன்றம் 1980-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் சௌத்டேல் இருக்கும் மின்னஸோட்டாவில் 1999-இல் வந்த தீர்ப்பு, மாலுக்குள் அப்படிப்பட்ட உரிமை இல்லை என்றே முடிந்தது.

சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். நம் வீட்டுத் திண்ணையில் யார் பேசலாம் என்பதை நாம் தீர்மானிக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். ஆனால் ஊரில் உள்ள முச்சந்திகளையெல்லாம் வெறுமையாக்கிவிட்டு, கூட்டம் முழுவதும் ஒருவர் திண்ணையில்தான் கூட வேண்டும் என்று ஆகிவிட்டால், திண்ணைக்குச் சொந்தக்காரரே ஊருக்கும் நாட்டாண்மைக்காரர் ஆகிவிடுகிறார். மோட்டார் இல்லாதவன் அங்கே வர முடியாது. காசில்லாதவன் அதிக நேரம் உட்கார முடியாது. பேச விரும்புகிறவன் வாயைத் திறக்க முடியாது. வசந்தம் மட்டும் நித்தியமாக இருக்கிறது!

தகப்பன் மறுத்த குழந்தைகள்

க்ரூயன் இவற்றையெல்லாம் உயிரோடிருந்து பார்த்தார். அங்காடியில் கற்ற பாடத்தைப் பழைய நகரங்களுக்குப் பயன்படுத்த முயன்றார். மிச்சிகன் ராஜ்யத்துக் கலமஸூ என்ற ஊரில் அவர் யோசனையை ஒட்டி 1959-இல் கடைவீதியின் ஒரு பகுதியை நடப்பவர்களுக்கே ஒதுக்கினார்கள். 1964-இல் நகரங்களின் இருதயத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் வியாபாரிகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கூரையையும், குளிர்காற்றையும், இரண்டு பெரிய கடைகளையும், வண்டி நிறுத்தும் வெளியையுந்தான். பள்ளிக்கூடத்தையும் பூங்காவையும் குடியிருப்பையும் கேட்டவர் இல்லை.

1968-இல் அவர் தாய்நாடு திரும்பி வியன்னாவில் குடியேறினார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! 1976-இல் வியன்னாவுக்குத் தெற்கே, நகர எல்லைக்குச் சற்று வெளியே, பிரம்மாண்டமான மால் ஒன்று எழுந்தது. எந்தச் சதுக்கங்களின் நினைவைச் சுமந்துகொண்டு அவர் கடல் கடந்தாரோ, அந்தச் சதுக்கங்களின் வாசலுக்கே அவருடைய கைவேலை திரும்பி வந்து நின்றது. 1978-இல் லண்டனில் பேசும்போது, இந்த மால்களுக்குத் தாம் தகப்பன் அல்லவென்றும், அவற்றுக்காக ஜீவனாம்சம் கொடுக்க முடியாதென்றும் கசப்போடு சொல்லி விட்டார். 1980-இல் காலமானார். ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. வியன்னாவின் நடுநகரத்தில், அவர் ஆலோசனையும் பெற்று வகுத்த திட்டங்களின் பயனாக, 1974 முதல் பெரிய கடைவீதி நடப்பவர்களுடையதாயிற்று.

சௌத்டேலின் பிற்காலமும் கவனிக்கத்தக்கது. 1987-இல் டொனால்ட்ஸன் என்ற பெயர் மறைந்தது. டேட்டன் கடை 2001-இல் ஒரு பெயரும், 2006-இல் மேஸீஸ் என்ற வேறு பெயரும் பெற்றது. 1992-இல் சில மைல் தொலைவிலேயே 'மால் ஆப் அமெரிக்கா' என்ற அசுர மால் திறந்து கூட்டத்தை இழுத்தது. அப்புறம் வீட்டிலிருந்தபடியே பொருள் வாங்கும் காலம் வந்தது. பெரிய கடைகள் நாடெங்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. சௌத்டேலில் 1972 முதல் இருந்த ஒரு பெரிய கடை 2017-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2019-இல் தேகப்பயிற்சிக் கூடம் வந்தது. இவற்றையெல்லாம் விட விசேஷமானது மற்றொன்று. 2010-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், வண்டி நிறுத்திய தார்வெளியின் ஒரு பகுதியில் அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. 1952-இல் க்ரூயன் படத்தில் வரைந்து காட்டிய வீடுகளுக்கு, அறுபது ஆண்டு கழித்து, வியாபாரம் மந்தமான பிறகு, புத்தி வந்தது!

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நம் நகரங்களின் புறத்திலும் இப்போது மால்கள் எழுந்திருக்கின்றன. வெயிலுக்கு அஞ்சி அவற்றுள் ஒதுங்குவதில் பாவமில்லை, நாமும் ஒதுங்குகிறோம். குழந்தைகள் நகரும் படிக்கட்டில் நாலு தரம் ஏறி இறங்கி மகிழ்வதைத் தடுப்பானேன்? ஆனால் ஒரு புதிய மால் வருகிறது என்று கேள்விப்படும்போது, அதில் எத்தனை கடை, எத்தனை சினிமாக் கொட்டகை என்று மட்டும் கேட்டால் போதாது. அங்கே நடந்து போக வழி உண்டா? பஸ் நிற்குமா? வெறுங்கையோடு போன கிழவர் ஒரு மணி நேரம் உட்கார ஒரு பெஞ்சி உண்டா? அதை எழுப்புவதற்குக் கொடுத்த சலுகையில் ஒரு பங்காவது பழைய கடைவீதிக்குக் கிடைத்ததா? மாலைச் சுற்றி ஊர் வருமா, அல்லது வண்டிகள் மட்டும் நிற்குமா? இவ்வளவையும் கேட்க வேண்டும்.

க்ரூயன் நல்லவர், கெட்டிக்காரர், ஊர்ச் சதுக்கத்தின் அருமையை, அதை இழந்தவர் என்ற முறையில், மற்றவர்களைவிட அதிகமாக அறிந்தவர். அவராலேயே ஆகாத காரியம், வெறும் லாபக் கணக்கினால் ஆகிவிடாது. வியாபாரி கடை கட்டுவான். அது அவன் தர்மம். சதுக்கத்தையும், பூங்காவையும், நிழல் மரத்தையும், நடைபாதையையும் ஊரார்தான் கட்ட வேண்டும். அவை ஊர்ச் சொத்தாக இருக்கிற வரையில்தான், கையில் காசு இல்லாதவனும் அங்கே தலைநிமிர்ந்து நிற்கலாம்.